மண்ணீரல் இயல்பு

அன்று காலை ஸ்கேன் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் மகன், படம் எடுக்கும் பெண், மேசையில் படுத்திருந்த ஆசிரியை. அவருடைய கணவர் வெளியே நாற்காலி இருந்தும் உட்காராமல் நடந்துகொண்டிருந்தார். எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர், யாரையும் விட்டுவிட வேண்டாம்.

என் அப்பா தொடங்கிய ஸ்கேன் நிலையம் அது. எங்கள் கையெழுத்து விழுந்த அறிக்கையை இந்த ஊரில் யாரும் இரண்டாவது ஆளிடம் காட்டியதில்லை.

ஒன்பது நாள் முன்பு என் மகன் ஆசிரியைக்கு அல்ட்ராசவுண்ட் பார்த்தான். கர்ப்பப்பைக் கட்டி, அவசரமில்லை என்று எழுதினான். எங்கள் படிவத்தில் 'மண்ணீரல் இயல்பு' என்ற வரி முன்பே அச்சாகியிருக்கும். குறை இருந்தால் திருத்த வேண்டும். அவன் அந்தப் பக்கம் கருவியைக் கொண்டுபோகவே இல்லை. வரியை அப்படியே விட்டுவிட்டான்.

இப்போது வலி தாங்காமல் சிடி ஸ்கேனுக்கு வந்திருந்தார்.

"வயித்துக்குள்ள பந்து மாதிரி ஒண்ணு உருளுதுன்னு அன்னைக்கே சொன்னேன் சார். மேட்ச் பாத்துட்டு வந்தீங்களான்னு உங்க பையன் கேட்டார்," என்றார்.

நாங்கள் மூவரும் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்தோம், திரையில் படங்கள் வரத் தொடங்கின. படம் எடுக்கும் பெண் மெல்லக் கேட்டாள்: "சார், இடது விலாவுக்குக் கீழ காலியா இருக்கே?"

"உன் வேலை படம் எடுக்கிறது," என்றேன்.

என் மகனின் முகம் வெளுத்தது. "அப்பா, மண்ணீரல் அடிவயித்துக்கு இறங்கியிருக்கு. முறுக்கிக்கிட்டிருக்கு. சர்ஜனைக் கூப்பிடுறேன்."

"கூப்பிட்டு? இயல்புன்னு எழுதிக் கொடுத்த புண்ணியவான் யாருன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதவுவரை போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். மண்ணீரல் இடம் மாறுவது அபூர்வம். முறுக்கிக்கொண்டால் உடனே வயிற்றைத் திறக்க வேண்டும். இது நான் அறியாததல்ல. சர்ஜனிடம் நானே பேசுகிறேன் என்று மகனை வீட்டுக்கு அனுப்பினேன். பேசவில்லை. அறிக்கையை என் கையால் எழுதினேன்: கர்ப்பப்பைக் கட்டி, மாற்றமில்லை. அச்சான வரியைத் தொடவில்லை.

"பயப்படாதீங்க, மாத்திரையில அடங்கிடும்," என்று கணவரிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

மறுநாள் மாலை ஆசிரியை இறந்தார். வருந்துகிறேன்.

என் மகன்தான் உங்களிடம் வந்து சொன்னான் என்கிறீர்கள். அவனை நேர்மையாகத்தான் வளர்த்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் திருத்த வேண்டும். பெரியவருக்குப் பார்வை மங்கிவிட்டது, படத்தில் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று வெளியே பேசிக்கொள்கிறார்களாம். அது பொய். முதல் படத்திலேயே பார்த்துவிட்டேன்.