கிட்டப்பார்வை

கண்ணாடி வாங்க வருகிறவர்கள் கண்ணைப் பற்றிப் பேசுவதில்லை, சாமி. முகத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். எழுத்து தெரிகிறதா என்று நான் கேட்டால், மூக்கு சப்பையாகத் தெரிகிறதா என்று அவர்கள் என்னைக் கேட்பார்கள். ரோச் மாமாவின் கண்ணாடிக் கடையில் பல வருஷமாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாமாவுக்கே இரண்டு கண்ணிலும் புரை. அவர் கல்லாவில் உட்காருவதோடு சரி. பார்வை சோதிப்பது, பவர் குறிப்பது, கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்துவது எல்லாம் நான்தான்.

கோயிலில் மூன்றாம் கல்யாண ஓலையும் வாசித்துவிட்டீர்கள். இனிகோவுக்கும் பிலோமிக்கும் நடக்கவிருக்கும் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்றீர்கள். எனக்குத் தெரியும். ஆனால் கோயிலில் எழுந்து நின்று சொன்னால் ஊர் கைகொட்டிச் சிரிக்கும். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால் நீங்கள் வெளியே வாய் திறக்க முடியாது. அதனால் இங்கே வந்து முழந்தாளிட்டிருக்கிறேன்.

சின்ன வயதில் எனக்கு அம்மை வந்தது. உயிரை விட்டுவிட்டு முகத்தை எடுத்துக்கொண்டது. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் மக்ரூனைத் தின்றுவிட்டு, தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். மக்ரூன் போனதுதான் வருத்தம் என்று நானும் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வேன். அது பொய். ஒவ்வொரு தடவையும் அழுதேன்.

எழுபத்தைந்தாம் வருஷம் இனிகோ கடைக்கு வந்தார். துறைமுகத்தில் டாலி கிளார்க். தோணியில் ஏறுகிற மூட்டைகளை எண்ணிக் குறிக்கிற வேலை. சம்மனசு மாதிரி அழகான முகம். அந்த முகத்துக்குள் இருந்த கண்ணுக்கு மைனஸ் ஐந்து வேண்டும். நான் மூன்றில் தொடங்கினேன். சோதனைக் கண்ணாடியோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தவர், "ஓங்க சிரிப்பு நல்லாருக்கு" என்றார்.

அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. மூன்றில் என் தழும்பெல்லாம் பவுடர் பூசினதுபோல் மறைந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஐந்தைப் போட்டுப் பார்க்கத் துணிவு வரவில்லை. மூன்றிலேயே நிறுத்திக்கொண்டேன்.

இதில் பெரிய அநியாயம் இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன். இந்த ஊரில் கண்ணாடி போட்ட பெண்ணை மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்தால், தாய்மார்கள் முதல் வேலையாகக் கண்ணாடியைக் கழற்றி ஒளித்துவைக்கிறார்கள். வந்தவன் ஆணா தூணா என்று தெரியாமலே அந்தப் பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள். குடும்பமும் நன்றாகத்தான் நடக்கிறது. பெண் பார்க்காமல் கட்டலாம் என்றால், ஆண் கொஞ்சம் மங்கலாகப் பார்த்துக் கட்டினால் என்ன?

அவர் அடிக்கடி வந்தார். கண் தெரியாதவன் கண்ணாடிக் கடைக்குத்தானே வருவான்.

"கப்பல் பேரே தெரிய மாட்டேங்குது பிலோமி" என்பார்.

"உப்புக் காத்துல்லா. முருங்கக்கீர நெறைய சாப்பிடுங்க" என்பேன்.

சட்டத்தை லேசாக வளைத்து, துடைத்துக் கொடுப்பேன். இப்போது பரவாயில்லை என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார்.

அப்புறம் மெட்டில்டா வந்தாள். அவளும் நம் வாடிக்கைதான். நல்ல அழகி, அவளுக்கும் கிட்டப்பார்வை. இனிகோ அவளைப் பெண் பார்க்கப் போகிறார் என்று கேள்விப்பட்டதும், அவருடைய கண்ணாடியில் கீறல் விழுந்திருக்கிறது என்று வாங்கிவைத்துக்கொண்டு ஒன்றரை பவரை மாட்டி அனுப்பினேன். அவள் வழக்கப்படி வெறும் கண்ணோடு வந்திருக்கிறாள். மக்ரூன் தட்டை இனிகோவின் சித்தப்பாவிடம் நீட்டி வெட்கப்பட்டாளாம். இனிகோ அவளுடைய அத்தையைப் பார்த்துப் பிரியமாகச் சிரித்தாராம். அத்தைதான் கடைக்கு வந்து கொதித்தாள். சம்பந்தம் அன்றைக்கே முறிந்தது. நான் அத்தைக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தேன்.

ஒன்றரையை மாற்றி மூன்றைத் திருப்பிப் போட்டிருக்க வேண்டும். ஒத்திப்போட்டேன். ஒன்றரையில் அவர் என்னை ரொம்ப ஆசையாகப் பார்த்தார். அந்த வாரத்தில்தான் தோணிக்குப் போகிற பலகையில் விளிம்பு எது, நிழல் எது என்று புரியாமல் கால் வைத்தார். கண்ணாடி கடலுக்குப் போயிற்று. கால் இரண்டு இடத்தில் முறிந்தது. செய்தி வந்ததும் எனக்கு முதலில் தோன்றியது, இனி வேறு பெண் வீட்டார் யாரும் வரமாட்டார்கள் என்பதுதான். பிறகுதான் ஐயோ பாவம் என்று வந்தது. வரிசையை மாற்றிச் சொல்லவில்லை, சாமி.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டுக்கால் சூப் கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினேன். சந்தோஷத்தில் தொழிலை மறந்துவிட்டேன். கிட்டப்பார்வைக்காரனுக்குத் தூரம்தான் மங்கல். ஒரு சாணுக்குள் இருந்தால் எறும்பின் கால்கூடத் தெரியும். அவர் என் கன்னத்தைத் தொட்டு, "ஏளா, இது சின்னப் புள்ளையில வந்த அம்மையா?" என்றார்.

கரண்டி என் கையிலேயே நின்றது. "எப்பம் பாத்தீங்க?" என்றேன்.

"மொத நாளே. சீட்டுல கையெழுத்துப் போட கண்ணாடியக் கழத்திட்டுக் குனிஞ்சம்லா. நீயும் குனிஞ்சு வெரலால எடத்தக் காட்டுன."

"பொறவு?"

"பொறவென்ன? எம் மூஞ்சியத் தெனம் பாத்து எனக்கே அலுத்துப்போச்சு. ஓம் பேச்சு அலுக்கல. கட்டிக்கிடுவமா?"

கேட்க எவ்வளவு இதமாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். கால் ஒடிந்து கிடக்கிறவன், சூப் ஊட்டுகிறவளிடம் வேறு என்ன சொல்வான்? நல்ல மனசு. எனக்காகப் பொய் சொல்கிறார். பார்த்த பிறகும் ஒருத்தர் கட்டுவார் என்றால், மக்ரூனைத் தின்றுவிட்டுப் போனவர்கள் எல்லாம் யார்?

மெட்டில்டாவுக்குச் செய்ததற்கும், அவர் காலுக்கும் பாவப்பொறுத்தல் தாருங்கள். இப்போது காலைக் கொஞ்சம் சாய்த்துத்தான் நடக்கிறார். எத்தனை ஜெபமாலை சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன். அவரிடம் போய்ச் சொல் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கல்யாணத்துக்குப் புதுக் கண்ணாடி கேட்டிருக்கிறார். பீடத்துக்கு முன்னால் என்னை நன்றாகப் பார்க்க வேண்டுமாம். தங்க முலாம் சட்டத்தில் அழகாகப் பண்ணிவைத்திருக்கிறேன். பவர் மட்டும் மைனஸ் ஒன்று.