யூலுவானுக்கு ஒரு டிரம்பெட்

— நிறுத்து, நிறுத்து. இது யாரு சாவு தம்பி? பேங்க் திறப்பு விழா மாதிரி இருக்கு.

— அக்கா, என் கம்ப்யூட்டர்ல இருக்குறதுலயே ஒசத்தியான சாம்பிள் இதுதான். நாலு டிரம்பெட், மூணு டிராம்போன். பெரிய அரங்கத்துல உக்கார வெச்சுப் பதிவு பண்ணது.

— அதான் கேக்குதே. ஒவ்வொருத்தனும் கோட்டு மாட்டிக்கிட்டு ஊதுறான். நம்ம ஊரு சாவு பேண்டு, அந்த சைசோமிக்காரன் அப்படியா ஊதுவான்? வேர்வை வழிய, கடவாயில பாக்கை அடக்கிக்கிட்டு, சவ வண்டிக்கு முன்னால நடந்துகிட்டே ஊதுவான்.

— அப்ப நெஜ சைசோமியையே கூப்பிட வேண்டியதுதானே? என்னோட ஆறாவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வரணுமா?

— கேக்காமலா இருப்பேன்? ரெண்டு பேண்டுக்காரன்கிட்ட போனேன். எடத்தைச் சொன்னதும் வர மாட்டோம்னுட்டானுங்க.

— ஏனாம்?

— சந்து குறுகலாம். நீ அடுத்ததைப் போடு.

— சரி, இது பிரெஞ்சு ஹார்ன். கேளுங்க, நெஞ்சைப் பிசையும்.

— சினிமாவுல ராணியைப் பொதைக்குற மாதிரி இருக்கு. எங்க யூலுவான் ராணி இல்லடா தம்பி. காலங்காத்தால எழுந்து முட்டைத் தோசை சுட்டு வித்தவ.

— யூலுவான்தான் செத்தவங்களா? உங்களுக்கு என்ன வேணும் அவங்க?

— ஒரே தட்டுல சாப்பிட்டு, ஒரே பாயில படுத்து வளந்தோம். போதுமா? அடுத்தது.

— இது டிரம்பெட் வாயில மூடி போட்டு ஊதுறது.

— வாத்துக்கு ஜலதோஷம் புடிச்ச மாதிரி இருக்கு.

— இது சாக்ஸபோன்.

— அய்யோ, எடு அதை! யூலுவான் புருஷன் குடிச்சிட்டுப் பொம்பளைங்க தோள்ல சாயப் போவான்ல, அந்தக் கடையில ராவெல்லாம் இதுதான் அழும். அவ சாவுக்கும் இதுவா?

— அட போங்கக்கா. நானும் நாலு சவ அடக்கக் கம்பெனிக்கு ஊர்வலப் பாட்டு பண்ணிக் குடுக்குறேன். எவனும் இப்படி நோண்டுனதில்ல. ‘சோகமா ஒண்ணு போடுப்பா’ம்பான், போட்ருவேன், வாங்கிட்டுப் போயிருவான்.

— செத்தவன் வந்து கேக்க மாட்டான்னு தைரியம். கேளு தம்பி, எனக்குச் சோகம் வேணாம். அழுற ஜனம் கண்ணைத் தொடைச்சிக்கிட்டு மறுபடி சோத்துல கைய வெச்சிரும். தின்னுக்கிட்டு இருக்குறவன் சாப்பாட்டுக் குச்சியைக் கீழ வெச்சிட்டு எழுந்து நின்னு எட்டிப் பாக்கணும். அப்படி ஒண்ணு வேணும்.

— அப்ப இது எப்படி? மேல் சுரத்துல, பளிச்சுன்னு.

— குப்பை லாரிதான் பாட்டுப் போட்டுக்கிட்டு வருதுன்னு நெனச்சு ஊரே குப்பைப் பையைத் தூக்கிட்டு ஓடியாந்துரும்!

— ஹ... அது நெஜந்தான். எனக்கே எழுந்து போகணும் போல இருந்துச்சு.

— இந்தா, கொய்யாக்கா கொண்டாந்தேன். புளிப்புப் பொடி தூவியிருக்கு. தின்னுட்டுச் சொல்லு. இந்த ஊதுறவனுங்கள்லாம் யாரு? எங்க இருக்கானுங்க?

— யாருக்குத் தெரியும்? எந்த நாட்டுலயோ உக்கார வெச்சு, ஒவ்வொரு சுரமா, மெதுவா ஒரு தடவை, சத்தமா ஒரு தடவைன்னு ஊதச் சொல்லிப் பதிவு பண்ணி விக்கிறாங்க. நான் இங்க கட்டையை அழுத்துனா அவங்க ஊதுன அந்தத் துண்டு கேக்கும். அவ்வளவுதான்.

— அப்ப யாருக்காக ஊதுறோம்னே தெரியாம ஊதியிருக்கானுங்க.

— ஆமா.

— அதான் கோளாறு. தின்ன வந்தவன் மூஞ்சியைப் பாக்காம சுட்ட தோசை மாதிரி இருக்கு. வெந்திருக்கு, ருசி இல்ல.

— இருங்க, இப்பப் புரியுது. மொத்த கும்பலும் ஒண்ணா ஊதுற சாம்பிளை எடுத்தது என் தப்பு. தனித்தனி ஆளா எடுத்து நானே ஒரு பேண்டு கட்டுறேன். இவன் ஒரு டிரம்பெட். இவன் இன்னொருத்தன், இவனைச் சுருதியில கொஞ்சம் எறக்கி விடுறேன்.

— ம்ம்... இவன் கிட்ட வர்றான்.

— மூணாவது ஆளை ஒரு இமை நேரம் லேட்டா நுழைய விடுறேன். நடந்துகிட்டே பாக்கைத் துப்பிட்டு வர்றான்னு வெச்சுக்குங்க.

— அட, இவனை எனக்குத் தெரியுமே! எங்க மாமனார் சாவுக்கு வந்தவன் இவனேதான். அந்தக் கர்... கர்ருன்னு ஏதோ கேக்குதே?

— அது எச்சில்க்கா. குழலுக்குள்ள தேங்குறது. மத்தவங்க அதை அழிச்சிட்டுத்தான் பாட்டு போடுவாங்க.

— அழிக்காத! அதுலதான் உசுரு இருக்கு. கீழ உப்புசம் வந்த மாதிரி ஒண்ணு ஊதுதே, அது என்ன?

— டியூபா. வேணாமா?

— வேணும், வேணும். யூலுவான் புருஷன் சாப்புட்டுக் கட்டில்ல சாஞ்சான்னா வீட்டுல அந்தச் சத்தம்தான். அவனுக்கே அடையாளம் தெரியட்டும்.

— அக்கா, நெஜமாச் சொல்றேன், உங்க காது இருக்கே, பேசாம என்கூட வேலைக்கு வந்துருங்க. சரி, இதை எங்க, எப்படிப் போடப் போறீங்க? நடை வேகம் தெரிஞ்சாத்தான் தாளம் வைக்க முடியும்.

— நீல லாரியில பெரிய ஸ்பீக்கர் ரெண்டு கட்டச் சொல்லிட்டேன். நாளைக்கு மத்தியானம். மீன் சந்தைக்குப் பின்னால, பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச் சந்துல ரோட்டை அடைச்சுப் பந்தல் போட்டிருக்கு பாரு, அங்க. மெதுவா நடந்து வர்ற வேகம் போதும்.

— இருங்க. காலையில அந்தப் பக்கமாத்தான் வந்தேன். அது சிவப்புப் பந்தல்க்கா. வட்ட மேசை எறக்கிக்கிட்டு இருந்தானுங்க. சமையல்காரன் தொட்டித் தொட்டியா நண்டு கழுவிக்கிட்டு இருந்தான்.

— நண்டா? எங்க போனாலும் அவனுக்கு நாக்கு மட்டும் நீளம்.

— அக்கா, சாவுக்கு எவன் சிவப்புப் பந்தல் போடுவான்?

— பந்தல் சாவுக்குன்னு நான் எங்க சொன்னேன்? அது கல்யாணப் பந்தல்.

— யாருக்குக் கல்யாணம்?

— யூலுவான் புருஷனுக்கு.

— அய்யய்யோ! கல்யாணப் பந்தல்ல சாவு பேண்டா? அதான் அந்த ரெண்டு பேரும் வர மாட்டேன்னுட்டானா? சந்து குறுகலாம்ல! போங்கக்கா, எழுந்திரிங்க. இப்பவே அழிச்சிடுறேன். என் தலைமுறைக்கே ஆகாது. விஷயம் தெரிஞ்சா ஒரு கம்பெனிக்காரன் வேலை குடுக்க மாட்டான். எனக்கும் அடுத்த வருஷம் கல்யாணம் ஆகணும்!

— அழிக்காத. கைய எடு. எடுடா. ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளு, அப்புறம் என்னமோ பண்ணு.

— சொல்லுங்க. சீக்கிரம் சொல்லுங்க.

— பொண்டாட்டியை விட்டுட்டு வந்தவன்னா பொண்ணு குடுக்க மாட்டோம்னு பொண்ணு வீட்டுல சொல்லிட்டாங்க. மறுவாரம் போய், ‘என் பொண்டாட்டி செத்துட்டா’ன்னு அங்க கண்ணைக் கசக்கியிருக்கான். பாவம் பாத்துக் குடுத்துட்டாங்க. அவ தோசைக்கல்லு முன்னால நின்னு, கையெல்லாம் சூடு பட்டு, சேத்த காசுல வாங்குன வீட்டுலதான் புதுசு வந்து குடியேறப் போகுது. சரி, செத்துட்டான்னே சொன்ன. செத்தவளுக்கு ஒரு ஊதுவத்தி? ஒரு காகிதக் காசு எரிச்சானா? ஒருத்தனைக் கூப்பிட்டு ஒரு குழல் ஊத விட்டானா? தெருநாய் செத்தாக்கூட நாலு பேர் ‘அடப் பாவமே’ங்குறான் தம்பி. ஒரு மனுசி செத்ததுக்கு ஒரு சத்தம் கூட இல்ல. எனக்கு வயிறு எரியுது. ராத்திரி படுத்தா அதுதான் எரியுது.

— அழாதீங்கக்கா.

— அழல. புளிப்புப் பொடி கண்ணுல பட்ருச்சு.

— அவன் செஞ்சது அநியாயம்தான். இல்லங்கல. ஆனா பாருங்க, போனவங்க போயாச்சு. நீங்க லாரி கட்டி ஊருக்கே ஊதுனாலும், அவங்க காதுல விழவா போகுது?

— நல்லாவே விழும்.

— அவ்வளவு பாசமா அவங்க மேல?

— அவளைப் பாத்துக்க என்னை விட்டா நாதி யாரு?

— நீங்க ஒருத்தி... சரி, என் பேரு மட்டும் எங்கயும் வரக் கூடாது. எந்த ஊர்லயோ ஊதுனவன் தலையில போட்ருங்க எல்லாத்தையும். அவனுக்குக் கல்யாணம் ஆயிருக்கும்.

— நீ நல்லா இருப்படா தம்பி. உன் கல்யாணத்துக்கு மொத மேசைக்கு நான்தான் முட்டைத் தோசை.

— சொல்லிட்டேன், அன்னைக்கு ஸ்பீக்கர் கொண்டாரக் கூடாது. இப்ப கேளுங்க, டிரம்பெட்டை இன்னும் முன்னால கொண்டாந்திருக்கேன். எப்படி?

— ம்ம். இதுதான். இதைக் கேட்டா நண்டு வாய்க்குள்ள போகாது.

— அப்ப ஒண்ணே ஒண்ணு பாக்கி. ஊர்வலம்னா வண்டி நெத்தியில பூ சுத்தி, செத்தவங்க படம் இருக்கணும். இல்லாட்டி யாரு சாவுன்னு ஜனத்துக்கு எப்படிப் புரியும்? யூலுவான் அக்கா படம் நல்லதா ஒண்ணு குடுங்க, பெருசாப் போட்டுத் தர்றேன்.

— படம் எதுக்குத் தம்பி? பூவை மட்டும் குடு, கழுத்துல போட்டுக்கிறேன். லாரிக்கு முன்னால நானேதானே நடந்து வரப் போறேன்.