ஜெபப் பட்டியலில் இருந்த யூதம்மா

சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு பாஸ்டரம்மா. பக்கத்தில், இஸ்ரேலில் வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்து லீவில் வந்திருந்த பெண்.

"நான் பாத்துக்கிற யூதம்மாவ ரட்சிப்புக்கு ஜெபிக்கிற பட்டியல்லேர்ந்து எடுத்துடுங்க" என்றாள் அவள்.

"ஏம்மா, எறந்துட்டாங்களா?"

"ஐயோ, நல்லா இருக்காங்க."

"அப்ப இயேசுவ ஏத்துக்கிட்டாங்களா? நான் குடுத்தனுப்புன புஸ்தகத்தப் படிச்சாங்களா?"

"சிரிச்சிகினே திருப்பிக் குடுத்துட்டாங்க. சண்ட நேரத்துல ஒரு மத்தியானம் சைரன் அடிச்சிது. தூக்கத்துல நம்மூரு சுரங்கத்து ஷிப்ட் சங்குன்னு நெனச்சி திரும்பிப் படுத்துட்டேன். அவங்க பாதுகாப்பு ரூமுக்குப் போயிட்டு, என்னக் காணோம்னு வீல்சேர உருட்டிகினு திரும்பி வந்து, கைத்தடியால தட்டி எழுப்புனாங்க. உள்ள போயி கதவ சாத்துனதும் வூடே ஆடிச்சி. வெளிய வந்து பாத்தா, நான் படுத்திருந்த கட்டில் பூரா ஜன்னல் கண்ணாடி. அவங்கள நன்றி சொல்ற ஸ்தோத்திரப் பட்டியல்ல எழுதுங்க."

"இன்னும் ஏத்துக்கலியேம்மா..."

"நான் உயிரோட வந்து ஒக்காந்திருக்கனே, பாஸ்டரம்மா."

பஸ் மந்தாரக்குப்பம் தாண்டியது. பாஸ்டரம்மா பையிலிருந்து ஜெப நோட்டை எடுத்தார்.

"நாலு வருஷமா 'ஒரு யூத சகோதரி'ன்னே எழுதிகினு வந்திருக்கேன். அவங்க பேரு என்னம்மா?"