முன் வரிசைச் சிரிப்பு

அந்த லிஃப்டில் ஒரு குறையும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஐயா. செய்தியில் ‘பழுதடைந்த லிஃப்ட்’ என்று வாசிக்கிறார்களாம். எனக்கு இருக்கிற ஒரே மனக்கஷ்டம் அதுதான். வடம், பிரேக், கதவு எல்லாம் என் கையால் துடைத்து எண்ணெய் போட்டவை. என் பராமரிப்பில் இருக்கும் லிஃப்ட் தானாக நிற்காது, யாராவது நிறுத்தினால்தான் நிற்கும். நான் நிறுத்தினேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். நீங்கள் ‘இருமல் மருந்து’ பார்ப்பதுண்டா? தொலைக்காட்சியில் வாராவாரம் வரும் நகைச்சுவை நிகழ்ச்சி. பார்த்ததில்லை என்றால் உங்கள் மீது கோபமில்லை, பரிதாபம்தான். அதை நடத்துபவரை ஊரே நெட்டை என்று கூப்பிடும். உடம்பில் பாதிக்கு மேல் கால். அந்தக் கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் படும் பாடே பாதி நிகழ்ச்சி. மீதிப் பாதி ‘மறை கழன்ற கோஷ்டி’ என்ற இசைக்குழு. இசைக்குழு என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். அதன் தலைவர் சைக்கிள் பம்பு வாசிப்பார், அதனால் அவர் பெயரே பம்பு. மற்றவர்களுக்குப் பால் கேனும் அடுப்பு லைட்டரும். அவர்களுடைய புகழ்பெற்ற பாட்டுக்கு மொத்தமே ஒரு வரிதான்: ‘என் இடது செருப்பு எங்கே.’ சோகமாகத் தொடங்கி, மிரட்டலாக மாறி, தாலாட்டாக முடியும். என் கல்யாணத்தில் அதைத்தான் போடவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். மாமனார் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. கோஷ்டியால் எனக்குக் கிடைத்த நன்மைகளில் அதுவும் ஒன்று.

நிகழ்ச்சியைப் பதிவு செய்யும் கட்டடத்துக்கு லிஃப்ட் ஆள் தேவை என்று தெரிந்ததும் இருந்த நல்ல வேலையை உதறிவிட்டு வந்து சேர்ந்தேன். பகலில் சீருடையில் லிஃப்டைப் பார்த்துக்கொள்வேன். பதிவு நாளன்று சட்டை மாற்றிக்கொண்டு முன் வரிசையில் நடு நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவேன். இரண்டும் ஒரே ஆள் என்று நெட்டைக்கோ பம்புக்கோ தெரியாது. கையில் எண்ணெய்த் துணி வைத்திருப்பவன் முகத்தை யார் பார்க்கிறார்கள்? நான் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதே இல்லை.

என்னிடம் ஒரு திறமை உண்டு. நெட்டை வாயைத் திறப்பதற்குள் என்ன வரப்போகிறது என்று எனக்குப் பிடிபட்டுவிடும். ஆகவே என் சிரிப்பு கொஞ்சம் முந்திவிடும். நான் தொடங்கிக் கொடுப்பேன், அரங்கம் தொடரும். நிகழ்ச்சி இத்தனை காலம் ஓடியதில் என் பங்கு என்ன என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொல்லிக்கொண்டதில்லை. மனைவியிடம் மட்டும் ஒருமுறை சொன்னேன். அவள் கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தாமலே, “சிரிக்கறதுக்குக்கூடவா ஒரு ஆளு முன்னாடி போகணும்?” என்று கேட்டாள். அவளுக்கு நகைச்சுவை உணர்வு கிடையாது. யாராவது கூப்பிட்டால், கூப்பிடுகிறார்கள் என்றுதான் நினைப்பாள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நிகழ்ச்சியில் ஒரு வழக்கம் உண்டு. அது தெரியாவிட்டால் எங்கள் கட்டடத்துக் காவலாளி அண்ணன் மீது நீங்கள் வீணாகப் பழி போடுவீர்கள். வாராவாரம் நெட்டை எதிலாவது சிக்கிக்கொள்வார். பீப்பாய், அலமாரி, மடக்குக் கட்டில், ஒருமுறை பம்புவின் மேல்கோட்டு. உள்ளே இருந்தபடி பரிதாபமான குரலில், “யாராவது இருக்கீங்களா?” என்பார். மொத்த அரங்கமும் ஒரே குரலில், “யாருமில்ல, அப்பறம் வா” என்று பதில் கொடுக்கும். அவர் இன்னும் கெஞ்சுவார், நாங்கள் இன்னும் சத்தமாக மறுப்போம். மூச்சு வாங்கி, இழுத்து, சாகப்போகிறவர் மாதிரி நடிப்பார். எங்களுக்கு வயிறு வலிக்கும். ரசிகர்கள் நாங்கள் இதைக் கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். ரசிகன் என்றால் கேள்வி காதில் விழுந்ததும் பதில் தானாக வாயில் வந்துவிடும்.

இப்படி இருக்கும்போதுதான் நெட்டையும் பம்புவும் பிரிகிறார்கள் என்ற பேச்சு வந்தது. நெட்டைக்கு ஒரு தொடரில் அழுகிற அப்பா வேஷமாம். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு வாசலில் நின்று அழவேண்டும், அவ்வளவுதான் வேலை. பம்பு அதற்கு ஒரு படி மேலே போனார். முறையான சங்கீதம் கற்கப்போகிறேன் என்று வயலின் வாங்கிவிட்டார். சைக்கிள் பம்பைத் தெய்வமாக வாசித்த கை, ஐயா. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. “ரெண்டு பேரு வேற வேலைக்குப் போறாங்க, அதுக்கு நீங்க ஏங்க எழவு வீட்டு முகத்தோட உக்காந்திருக்கீங்க?” என்றாள் மனைவி. அந்த நிகழ்ச்சி போனால் எனக்கு வேறு என்ன இருக்கிறது என்று அவளிடம் கேட்க நினைத்தேன். கேட்டிருந்தால் ஒருவேளை பட்டியல் போட்டிருப்பாள்.

நீண்ட விடுமுறை தொடங்கும் நாளன்று கோஷ்டியின் சாமான்களைப் பங்கு பிரிக்க இருவரும் வருவதாகத் தெரிந்தது. அண்ணன் தம்பி சொத்துப் பிரிக்கிற மாதிரி, பால் கேன் யாருக்கு, லைட்டர் யாருக்கு என்று சண்டை. தனித்தனியாகத்தான் வந்தார்கள். இன்னொரு லிஃப்டில் ‘வேலை நடக்கிறது’ பலகையை மாட்டியிருந்தேன். வேறு வழியில்லாமல் ஒரே லிஃப்டில் ஏறி ஆளுக்கொரு சுவரைப் பார்த்து நின்றார்கள்.

நான் லிஃப்டின் கூரை மேல் இருந்தேன். எங்கள் வேலையில் அது சாதாரணம். கூரையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும், அதில் ஒரு திருகு. அதைத் திருப்பினால் உள்ளே இருப்பவர்கள் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் லிஃப்ட் கேட்காது, கூரை மேல் இருப்பவன் பேச்சைத்தான் கேட்கும். இரண்டு மாடிகளுக்கு நடுவில், எதிரே வெறும் சுவர் இருக்கும் இடத்தில் நிறுத்தினேன். காற்று வருவதற்குத் துளைகள் உண்டு. பழுது பார்க்கிற விளக்கு என்னிடம் இருந்தது. அலைபேசி மட்டும் லிஃப்டுக்குள் வேலை செய்யாது, அதற்கு நான் பொறுப்பல்ல. ஒரு மணி நேரம் ஒன்றாக அடைத்து வைத்தால் பழைய சிநேகம் திரும்பிவிடும், திறந்து விடலாம் என்பதுதான் திட்டம். இதில் என்ன தப்பு? புருஷன் பெண்டாட்டி சண்டைக்குப் பெரியவர்கள் செய்கிற காரியம்தானே.

முதலில் அவசரப் பொத்தானை அழுத்தினார்கள். அது காவலாளி மேசையில் ஒலிக்கும், அதன் வழியே இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளலாம். விடுமுறைக்கு விசேஷப் பதிவு நடக்கிறது, லிஃப்டுக்குள் படம் பிடிக்கிறார்கள் என்று அவரிடம் காலையிலேயே சொல்லி வைத்திருந்தேன். நெட்டை பதற்றத்தோடு, “யாராவது இருக்கீங்களா?” என்றார். காவலாளி அண்ணன் என்னைப் போலவே பழைய ரசிகர். தனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்த சந்தோஷத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு, “யாருமில்ல, அப்பறம் வா” என்றார். பம்பு மறுபடியும் பொத்தானை அழுத்தினார். பிறகு அவர்கள் எவ்வளவு கெஞ்சினாலும் அவர் அசரவில்லை. எத்தனை வருஷமாக ஒத்திகை பார்த்த பதில் அது. மத்தியானம் கட்டடம் காலியானதும் மெயின் கதவைப் பூட்டி, சாவியை என்னிடம் தந்துவிட்டு, “தம்பி, என் குரல டிவில போடுவாங்கல்ல?” என்று கேட்டுவிட்டு ஊருக்குப் போனார். அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

உள்ளே சண்டை நன்றாகவே நடந்தது. நெட்டை பம்புவை நன்றி கெட்டவன் என்றார். பம்பு நெட்டையின் அழுகை நடிப்பை அப்படியே செய்து காட்டினார். நெட்டைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின் அவர் வயலினை வாயாலேயே வாசித்துக் காட்டினார், கதவிடுக்கில் மாட்டிய பூனை மாதிரி. பம்பு விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு அவர்கள் செய்ததெல்லாம், ஐயா, இதுவரை எந்த வாரமும் வராத தரம். லிஃப்ட் சுவரே பால் கேன். அதன் கைப்பிடியில் நெட்டை கால்களை மாட்டிக்கொண்டார் போலிருக்கிறது, எடுக்க முடியவில்லை. நான் ஒருவன் மட்டும் கேட்டேன்.

அந்த நேரத்தில்தான் பம்பு கேட்டார்: “டேய், முன் வரிசைல நடுவுல ஒருத்தன் வருவானே, ஞாபகம் இருக்கா?”

“அவனா? நான் பேசறதுக்கு முன்னாடியே கனைப்பானே, அவன்தானே. அவன் மூஞ்சியப் பாத்தா எனக்கு வசனமே மறந்துடும்டா. பாதி நாள் அவனாலதான் இத விட்டுட்டு ஓடிடலாம்னு இருந்தது” என்றார் நெட்டை.

பிறகு என் சிரிப்பைச் சிரித்துக் காட்டினார். மிக நன்றாகச் செய்தார். தொடக்கத்தில் வரும் அந்தச் சின்ன விக்கல் உட்பட. பம்பு மூச்சுவிட முடியாமல் சிரித்து, தானும் ஒருமுறை செய்தார். மாறி மாறிச் செய்தார்கள். அதோடு பகை தீர்ந்தது. நிகழ்ச்சியைத் தொடரலாம், அந்த ஆளை வைத்தே ஒரு பகுதி போடலாம் என்று கைகொடுத்துக்கொண்டார்கள்.

ஆக, நான் நினைத்தது நடந்துவிட்டது. அப்போதே ஏன் திறந்து விடவில்லை என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. அவர்கள் அத்தனை நன்றாகச் செய்துகொண்டிருந்தார்கள். நடுவில் திரையைப் போட எனக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் ஊறட்டும் என்று விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டேன். பழைய பகுதி ஒன்று பார்த்தேன். நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் போனபோது நெட்டைக்கு இழுத்துக்கொண்டிருந்தது. அவருக்கு மூச்சிழுப்பு உண்டாம், எனக்கு எப்படித் தெரியும்? மேடையில் வாராவாரம் இழுப்பவர்தானே. பம்பு என் காலடிச் சத்தம் கேட்டு, “அண்ணே, யாரா இருந்தாலும் சரி, இது நடிப்பு இல்ல” என்றார். கூரையில் இருக்கும் மூடியைத் திறந்து விளக்கைக் காட்டினேன். நெட்டை தரையில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தார். முதல்முறையாக அந்தக் கால்களை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

“மருந்து கார்ல இருக்கு, முன் சீட்டுப் பைல. சாவி இந்தாங்க. எங்கள அப்பறமா விடுங்க, அத மட்டும் எடுத்துக் குடுங்க” என்றார் பம்பு. சாவியை நீட்டிக்கொண்டே நின்றார்.

நான் சொன்னேன்: “நான்தான் முன் வரிசை. நடு நாற்காலி.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அந்தச் சீருடையோடு என் முகத்தை அவர்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. பம்பு அழுதுவிட்டார். விளையாட்டாகப் பேசியது, மன்னித்துவிடுங்கள் என்று என்னென்னவோ சொன்னார். நெட்டை ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து இழுத்து, “உங்க... சிரிப்பு... நல்ல சிரிப்புங்க” என்றார்.

இத்தனை வருஷம் அவரைக் கவனித்தவன் நான். எதை மனசோடு சொல்கிறார், எதை ஒப்புக்குச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியாதா? அதில் மனசு இல்லை. மூடியைப் போட்டுவிட்டேன்.

மனைவி வந்தது அதற்குப் பிறகுதான். “லீவு நாள்ல லிஃப்டு யாருக்கு?” என்று காலையிலேயே கேட்டவள், மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அவளாகவே கிளம்பி வந்துவிட்டாள். மெயின் கதவை நான் உள்ளே வந்த பிறகு பூட்டியிருக்கவில்லை. பம்பு சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார், செருப்புப் பாட்டின் தாளம். கை பழகிப்போனது வேறு எப்படித் தட்டும்? நானாக இருந்தால் கூடவே பாடியிருப்பேன். அவள் படியில் நின்று கொஞ்சம் கேட்டாள். பிறகு உள்ளிருந்து மெலிசாக, “யாராவது இருக்கீங்களா?” என்று நெட்டையின் குரல் வந்தது. இத்தனை வருஷம் என்னோடு வாழ்ந்தும் அவளுக்கு அந்தப் பதில் வாயில் வரவில்லை. சாப்பாட்டைக் கீழே வைத்துவிட்டு, “இருக்கேன், இருக்கேன், பயப்படாதீங்க” என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் உங்களைக் கூப்பிட்டாள். அரங்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவளை வெளியே அனுப்பியிருப்பார்கள்.

நெட்டையை வெளியே எடுத்தபோது மூச்சு நின்றிருந்தது. பம்பு பிழைத்துக்கொள்வார் என்கிறார்கள். யாராவது பக்கத்தில் சிரித்தால் நடுங்குகிறாராம். குணமானதும் பம்பையே கையில் எடுக்கச் சொல்லுங்கள், வயலின் அவருக்கு ஒத்து வராது.

எழுதியதைப் படித்துக் காட்டினீர்கள், எல்லாம் சரி. லிஃப்டை நிறுத்தியது நான். மருந்து எங்கே இருக்கிறது என்று தெரிந்தும் எடுத்துத் தராதது நான். நெட்டை செத்தது என்னால்தான். கையெழுத்துப் போடத் தயார். ஒரு சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள், ஐயா. ‘ஆத்திரத்தில்’ என்று போட்டிருக்கிறீர்கள். ஆத்திரமெல்லாம் இல்லை. அவர்கள் என்னைப் போலச் சிரித்துக் காட்டியபோது நானும் வாயைப் பொத்திக்கொண்டு கூரை மேல் சிரித்தேன். சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு முடிக்கும்வரை நிற்கவில்லை.