கோவத்தோட போன கேசரி

பாதுகாப்பு, பாதுகாப்புன்னு ரொம்ப நேரமா பேசிட்டேன். முன்வரிசையில ஒருத்தர் கொட்டாவியே விட்டுட்டாரு... தப்பில்லய்யா, நான் பேசினா என் வீட்லயும் அப்படித்தான். சரி, ஒரு குட்டிக் கதை சொல்றேன். கதைன்னு கூட சொல்ல முடியாது, என் மச்சினன் அறவாழி வீட்டு சமாசாரம்.

அறவாழி இருக்கிறது பனி கொட்டுற ஒரு நாட்டுல, சின்ன ஊரு. அங்க ஒரு நல்ல வழக்கம். வெளிநாட்டுக்காரனா இருந்தாலும், சில வருஷம் அந்த ஊர்ல குடியிருந்துட்டா, ஊராட்சித் தேர்தல்ல ஓட்டுப் போடலாம். நாட்டுத் தேர்தல்ல இல்ல... ஊர்த் தேர்தல்ல மட்டும். குழாய்த்தண்ணி, தெருவிளக்கு, பிள்ளைங்க போற பஸ்ஸு, இதுக்கெல்லாம் ஓட்டு. அந்த நாட்டுக் குடியுரிமையை அவன் ஏன் வாங்கலைன்னு கேப்பீங்க. நம்ம பாஸ்போர்ட்டைத் திருப்பிக் குடுத்தாத்தான் அது கிடைக்கும். அவனுக்கு மனசு வரல. அம்மா இங்க இருக்காங்கல்ல?

அவனுக்குப் பக்கத்து வீட்ல ஒரு பெரியவர். ஓலவின்னு பேரு. எல்லைக்காவல் படையில இருந்து ஓய்வு பெத்தவரு. சம்சாரம் தவறிப்போச்சு, தனி ஆளு. ஒருநாள் தன் வீட்டுச் சாவியைக் கொண்டாந்து அறவாழி கையில குடுத்தாரு. "தம்பி, காலையில என் ஜன்னலைப் பாரு. திரை விலகியிருந்தா நான் இருக்கேன். விலகலைன்னா... சாவியைப் போட்டு உள்ள வா." என்ன அர்த்தம்? என் உசிரு உன் கையில இருக்குன்னு அர்த்தம். அன்னையில இருந்து இவனுக்கு அந்த ஜன்னலைப் பாக்காம காப்பி இறங்காது.

இப்படி இருக்கும்போது பக்கத்து நாட்டுல சண்டை வந்துருச்சு. ஊரெல்லாம் பயம். குடியுரிமை இல்லாதவங்களுக்கு ஊர்த் தேர்தல்ல ஓட்டு வேண்டாம், அவங்க மூலமா எதிரி உள்ள நுழைஞ்சுருவான், நாட்டோட பாதுகாப்புக்கு ஆபத்துன்னு பேச்சு கிளம்புச்சு. சட்டம் போடலாமான்னு ஊர் ஊரா கூட்டம் வெச்சுக் கேட்டாங்க. இவங்க ஊர்க் கூட்டத்துல முதல்ல எந்திரிச்சு, "ஓட்டை எடுக்கத்தான் வேணும்"னு சொன்னது யாரு?

நம்ம ஓலவி தாத்தா தான்.

அறவாழி அதே கூட்டத்துல மூணாவது வரிசையில உக்காந்திருக்கான். வெளிய வந்ததும் பெரியவர் அவன் தோள்ல கை போட்டு, "உன்னைச் சொல்லலப்பா... பொதுவாச் சொன்னேன்"ன்னாரு.

வீட்டுக்கு வந்து இவன் சொன்னான். அவன் பொண்டாட்டி செங்கமலத்துக்கு வந்துச்சே கோவம். நாம ஊருக்கு ஆபத்துன்னா அவரு வீட்டுச் சாவி நமக்கு எதுக்கு, இப்பவே திருப்பிக் குடுங்கன்னுட்டா. இவனும் சரின்னுட்டான். குடுக்கப் போறப்ப பாத்தா, பெரியவர் பழம் வெச்சுக் குடுத்த கிண்ணம் ஒண்ணும் இவங்க வீட்ல கிடக்கு. அதையும் சேத்துக் குடுத்துடணும். ஆனா... நம்ம பொம்பளைங்க பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் குடுப்பாங்களா? எவ்வளவு கோவம்னாலும் கை வராதே. செங்கமலம் ரவையை வறுத்து, நெய் ஊத்தி, முந்திரி போட்டு, கிண்ணம் நிறையக் கேசரி வெச்சா. பக்கத்துலயே சாவியை வெச்சு அனுப்பினா. உலகத்துல எவனாவது இப்படி உறவை முறிப்பானா?

பெரியவருக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. கிண்ணத்தைத் தூக்கிட்டே வந்துட்டாரு. சாவி வந்தா கோவம், இனிப்பு வந்தா சந்தோஷம், நீங்க எதுல இருக்கீங்கன்னு கேட்டாரு.

செங்கமலம் சொன்னா: "கோவத்துலதான் இருக்கோம். எங்க வழக்கம், பாத்திரத்தைக் காலியாத் திருப்ப மாட்டோம். அதுக்காக நீங்க பேசினது சரின்னு ஆயிடாது."

"உன் வீட்டுக்காரனை நான் சொல்லலம்மா."

"அவர் பேருல இருக்கிற ஓட்டைத்தானே எடுக்கச் சொன்னீங்க? வேற யாரைச் சொன்னீங்க?"

பெரியவர் சமையல்கட்டு நாற்காலியில உக்காந்து, அந்தக் கேசரியை மெதுவா... முழுசாச் சாப்பிட்டாரு. அப்புறம் சொன்னாரு. "எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு. ஆனா யாருக்குப் பயப்படறேன்னு யோசிச்சுப் பாத்தா, உங்க முகம் வரல."

அடுத்த கூட்டத்துல அவரே எந்திரிச்சு, நான் சொன்னது தப்பு, சந்தேகம் இருக்கிற ஆளை விசாரிங்க, மொத்தமா எல்லார் ஓட்டையும் பிடுங்காதீங்கன்னாரு. ஊரு கேட்டுச்சா? கேக்கல. சட்டம் வந்துருச்சு. அறவாழிக்கு ஓட்டுப் போச்சு. பொய் சொல்லி உங்களைச் சந்தோஷப்படுத்த எனக்கு மனசில்ல. ஆனா தேர்தலுக்கு முன்னாடி பெரியவர் வந்து அதே நாற்காலியில உக்காந்தாரு. இந்த ஊருக்கு என்னென்ன வேணும், நீங்க சொல்லுங்க, யாரு செய்வாங்கன்னு சண்டை போட்டு முடிவு பண்ணுவோம், என் ஓட்டு அவங்களுக்குத்தான்னாரு. விளக்கு வெக்கிற வரைக்கும் மூணு பேரும் சண்டை போட்டாங்களாம். அறவாழி போன்ல சொல்லும்போது சிரிக்கிறான்.

இதை எதுக்கு உங்ககிட்ட சொல்றேன்?

நம்ம ஊருக்குப் பின்னாடி ஒரு முகாம் இருக்கு. கடல் தாண்டி வந்த நம்ம சனம். அங்கயே பொறந்து, அங்கயே கல்யாணம் கட்டினவங்க இருக்காங்க. அவங்களுக்கு ஓட்டு இல்ல. வார்டு மெம்பருக்குக் கூடக் கிடையாது. கேட்டா நாம என்ன சொல்றோம்? "பாதுகாப்புங்க... உங்களைச் சொல்லல, பொதுவாச் சொல்றோம்." அப்படித்தானே? ஆனா உங்க பிள்ளையை ஸ்கூல்ல இருந்து கைப்பிடிச்சுக் கூட்டிட்டு வர்ற அக்கா யாரு? உங்க அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ கூட இருந்து பாத்துக்கிட்டது யாரு?

நாட்டைக் காப்பாத்தணும். வேண்டாம்னு நான் சொல்வேனா? பயம் வந்தா பயப்படுங்க, தப்பே இல்ல. ஆனா பெத்த பிள்ளையை நம்பி ஒப்படைக்கிற ஆளை, ஒரு தெருவிளக்கு விஷயத்துல நம்ப மாட்டேன்னா... அது பாதுகாப்பு இல்லய்யா. பழக்கதோஷம்.

சட்டத்தை மாத்துறது நம்ம கையில இல்லாம இருக்கலாம். நாளைக்கு அந்த அக்கா பிள்ளையைக் கொண்டாந்து விடும்போது, உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சு, "அக்கா, இந்த ஊருக்கு என்ன செஞ்சா நல்லாருக்கும்?"னு கேளுங்க. இத்தனை வருஷத்துல அவங்களை யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டாங்க. கேக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் சொல்லல.