ஜம்புநாதன் பெயரால் ஓர் அறை வேண்டாம்

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ராவ்பகதூர் பஞ்சாபகேசன் அவர்களே, சங்க நிர்வாகிகளே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஜம்புநாதனின் துணைவியார் ஸ்ரீமதி விசாலாக்ஷி அம்மாள் அவர்களே, மாதுங்காவிலிருந்தும் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வந்திருக்கும் அன்பர்களே!

கட்டட உள்ளமைப்பு நிபுணர் ஸ்ரீ ஜம்புநாதன் அவர்களை டைபாய்டு கொண்டுபோய்விட்டது. நாற்பத்திரண்டு வயது ஒரு வயதா? எனக்கு முன் பேசியவர்கள், அவருக்கு விரோதியே கிடையாது என்றார்கள். தவறு. நான் இருந்தேன்! கடைசி வரை அவரிடம் சண்டை போட்டவன் நான். அதனாலேயே அவரை நன்றாக அறிந்தவன்.

நாற்காலி மேஜை போடுவதற்கு ஒரு படித்த மனிதனா என்று அவரைக் கேலி செய்தவர்கள் உண்டு. இரண்டு பேர் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன்.

கோட்டை வட்டாரமான போர்ட்டில் நான் வேலை செய்யும் இன்ஷூரன்ஸ் கம்பெனியை யுத்த காலத்தில் அவர்தான் மாற்றியமைத்தார். டைப்ரைட்டர் இரைச்சலில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காத ஹால் அது. சத்தத்தை அடக்கும் சீமைப் பலகைக்குக் கப்பல் இல்லை. ஜம்புநாதன் என்ன செய்தார்? தாராவிக்குப் போய், பாய் வியாபாரி ஷாகுல் ஹமீது அவர்களைப் பிடித்தார். பத்தமடைக் கோரைப்பாய்களைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, உட்கூரையில் இரட்டையாகப் பொருத்தினார்.

"என்ன வே, நாங்க பாய படுக்கத்தான் நெய்யுதோம். நீரு தலைக்கு மேல அடிக்கீரு! பல்லிதான் வந்து படுக்கணும்" என்றார் ஹமீது.

"பல்லி படுத்துக்கட்டும், சாயபு. டைப்ரைட்டர் சத்தமும் அதோட போய்ப் படுத்துண்டா எனக்குப் போறும்!"

வேலை முடிந்த அன்று எங்கள் துரை வந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "எல்லோரும் டிபனுக்குப் போய்விட்டார்களா?" என்று கேட்டார். எதிரே அத்தனை டைப்ரைட்டர்களும் ஓடிக்கொண்டிருந்தன!

என் சண்டைக்கும் அங்கேதான் ஆரம்பம். கடற்காற்று வரும் மூலையில் எனக்குத் தனி அறை என்று கம்பெனி வாக்களித்திருந்தது. தலை நரைக்கும் வரை காத்திருந்தேன். ஜம்புநாதன் அந்த மூலையில் சுவரே எழுப்பவில்லை. தாராவித் தோல் தைத்த நீளப் பெஞ்சு ஒன்றைப் போட்டார். யாருக்கு? புருஷன் இறந்து பாலிஸிப் பணம் வாங்க வரும் பெண்களுக்கு! அதுவரை அவர்கள் கக்கூஸ் ஓரத்து நடையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"என் ஜன்னல்தான் கிடைத்ததா உமக்கு?" என்று சீறினேன்.

"நீங்க தெனமும் வரேள். அவா ஒரே ஒரு தடவை வரா. அன்னிக்காவது கொஞ்சம் காத்து வேண்டாமா, சொல்லுங்கோ" என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் மன்னிக்க முடியவில்லை. மறுவாரமே என் வீட்டுக் காப்பிக்கு வந்து, என் கூடத்து அலமாரி வெளிச்சத்தை மறைக்கிறது என்று அதையும் நகர்த்திவிட்டுப் போனார். அதற்கும் சண்டை!

அன்பர்களே, நம் சங்கத்தின் புதிய வாசகசாலைக்குக் கூலி வாங்காமல் வரைபடம் போட்டுத் தந்தவர் அவர். தெருவைப் பார்த்த முகப்பு முழுவதும் ஒரே கூடம். "உள்ளே வரவன் கண்ணுல மேஜை போட்டு ஒக்காந்திருக்கற ஆபீஸர் படக் கூடாது, பேப்பர்தான் படணும்" என்பார். தோல் ஷெட்டில் வேலை முடித்து அதே சட்டையுடன் வருகிறவரும் கூசாமல் உட்கார வேண்டும் என்று கூடத்தை அகலமாக வைத்தார்.

சென்ற வாரம் நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் போட்டது. அந்த முகப்பைத் தேக்குத் தடுப்பால் மறித்து, 'ஜம்புநாதன் ஞாபகார்த்த அறை' கட்டுவதாம். தலைவரும் காரியதரிசியும் அங்கே அமர்வார்களாம். வாசகர்கள் பின்பக்கச் சந்து வழியாக வரலாமாம்!

அந்தக் காரியதரிசி யார்? நான்தான். இரண்டு தேர்தலில் என்னைத் தோற்கடித்த பெரியவர்கள் இம்முறை போட்டியின்றித் தேர்ந்தெடுத்தார்கள். சங்கத் தலைவரான ராவ்பகதூர் அவர்கள் என் முதுகில் தட்டி, "ஜன்னல் போச்சு, ஜன்னல் போச்சுன்னு பொலம்பிண்டிருந்தீரே, இப்போ ரெண்டா வெச்சுக்கோங்காணும்!" என்றார்கள்.

எனக்கு ஆசை இல்லையா? இருக்கிறது! இந்த நிமிஷமும் இருக்கிறது. ஆனால் அவர் திறந்து வைத்ததை அவர் பெயராலேயே அடைப்பதா? அடைத்துவிட்டு அதன்மேல் அவர் படத்துக்கு மாலை போடுவதா? இதற்குப் பெயர் மரியாதையா?

விசாலாக்ஷி அம்மாள் அவர்களே, தங்கள் முன்னிலையில் சொல்கிறேன். அந்த அறையில் நான் உட்காரமாட்டேன். தடுப்புக்கான செலவுச் சீட்டில் காரியதரிசியின் கையெழுத்து விழாது. அந்தக் கூடம் ஜம்புநாதன் வரைந்தபடியே எழும்; தெருவிலிருந்தே ஜனங்கள் உள்ளே வருவார்கள். அவர் விட்டுச்சென்ற வேலையை நான் முடிப்பேன்.

ஜம்பு, நீர் போய்விட்டீர். இனி நான் யாரிடம் சண்டை போடுவேன்?

ராவ்பகதூர் அவர்களே, தங்களிடம்தான். நாளைக் காலையிலிருந்தே!