பத்தொன்பதாம் பகுதியும் ஐலாவின் கணுக்காலும்

எங்கள் வீட்டுத் தேநீரைக் குறை சொன்னவர்கள் இதுவரை யாருமில்லை. போன சனிக்கிழமை சங்கத்திலிருந்து நீங்கள் மூவரும் கீத்லி வரை காரோட்டி வந்தும், ஒரு வாய்கூடக் குடிக்காமல் கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனீர்கள். என் மனைவி மோரீனுக்கு வருத்தம். வருத்தமாகத்தான் இருந்திருக்கும், நான் கேட்கவில்லை.

அன்று ஆளுக்கு ஒரு பக்கமாகப் பேசினீர்கள். யோசித்து எழுத்தில் தருகிறேன் என்றேன். தருகிறேன். நான் நெவில் ஹோல்ராய்ட், 'கலம் பதினொன்று' என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர் சங்கத்தைத் தொடங்கியவன், நாற்பத்தொரு ஆண்டுகளாக அதன் ஆவணக் காப்பாளன். என் கையெழுத்தை என்னாலேயே படிக்க முடியாது என்பதால், நான் சொல்லச் சொல்ல மோரீன் தட்டச்சு செய்கிறாள். அவளுக்கு நல்ல வேகம். என்ன தட்டுகிறோம் என்று யோசிப்பவர்களுக்கு அந்த வேகம் வராது.

உங்கள் கேள்வி ஒன்றுதான்: பத்தொன்பதாம் பகுதியின் படச்சுருளை நான் என்ன செய்தேன்? அதற்கு ஒரே வரியில் பதில் சொல்லலாம். ஆனால் ஒரே வரியில் சொன்னால் என்னை ஏதோ கெட்டவன் என்று நினைத்துவிடுவீர்கள்.

நம் தொடரில் 1974இல் இருபத்தாறு பகுதிகள் வந்தன. நிலையத்தார் அந்தக் கால வழக்கப்படி ஒன்பதை அழித்துவிட்டு, அதே நாடாக்களில் குதிரைப் பந்தயத்தைப் பதிவு செய்துகொண்டார்கள். பரண்களிலும் பழைய சாமான் கடைகளிலும் அந்த ஒன்பதின் படச்சுருள் பிரதிகளைத் தேடுவதற்காகத்தான் சங்கத்தையே தொடங்கினேன். அழித்தவர்களை நான் மன்னித்ததே இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஹாரோகேட் விடுதியில் நாம் ஆண்டுதோறும் கூடும்போது நடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. திரையில் லெப்டினன்ட் ஐலாவுக்குக் கால் சுளுக்கும். முந்நூறு பேரும் "கணுக்கால்!" என்று கத்தி, கையில் இருக்கும் பீரில் ஒரு மிடறு குடிப்போம். கேப்டன் ரெட்வர்ஸ் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவார். அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியவன் நான்தான். அதில் யாருக்கு என்ன கேடு?

கேடு இருக்கிறது என்று முதலில் சொன்னவர் உங்களில் ஒருவரான தாம்சின். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்றார்.

"ஒரு நிமிஷம் நிறுத்துங்க. எனக்கும் இந்தத் தொடர்னா உசுரு. அதனாலதான் கேக்குறேன். இருபத்தாறு வாரத்துல பதினேழு தடவ கால் சுளுக்குற ஒருத்திய விண்வெளிக்கு யாருங்க அனுப்பிவெச்சது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "அந்தக் காலம் அப்படிம்மா" என்றேன்.

"ஏன், அந்தக் காலத்துல பொம்பளைங்களுக்குக் கணுக்கால் எலும்பே இல்லையா?"

இதற்கும் சிரித்தார்கள், கொஞ்சம் அதிகமாகவே. எனக்குக் கோபமெல்லாம் இல்லை. தொடரில் பெண்களை மட்டம் தட்டியிருக்கிறார்கள் என்பதை நான் மறுத்தவனே அல்ல. ஆனால் அன்று யாருக்கும் வேறு மாதிரி யோசிக்கத் தெரியாது. தெரியாமல் செய்ததைக் குற்றம் என்று சொல்லக் கூடாது. நாற்பது ஆண்டுகளாக இதுதான் என் பதில். எந்த ரசிகனும் நிம்மதியாகத் தூங்குவதற்கு ஏற்ற பதில். நான் பெண்களை மதிப்பவன். சங்கத்தில் ஒரு பெண் செயலாளராக வர வேண்டும் என்று முதலில் முன்மொழிந்தவனே நான்தான். குறிப்பெடுக்க வேறு யாரும் சிக்கவில்லை. மோரீன், இந்தக் கடைசி வரியை எடுத்துவிடு.

இனி ஜோசலின் வேர். ஐலாவாக நடித்தவர், இப்போது எண்பத்தொரு வயது, விட்பியில் கடலைப் பார்த்த ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறார். ஆண்டு தவறாமல் ஹாரோகேட் வருவார், படங்களில் கையெழுத்துப் போடுவார், நாம் கணுக்கால் என்று கத்தும்போது புன்னகைப்பார். கத்தி முடித்ததும் மைக்கை வாங்கி ஒன்றையே சொல்வார்.

"பத்தொன்பதாவதுல நான்தான் கப்பல ஓட்டினேன், கண்ணுங்களா. கேப்டன் மயங்கிக் கெடந்தாரு. நான் ஒருத்தியே கரை சேத்தேன்."

உடனே நம் ஆட்கள் வழிகாட்டி நூலைப் புரட்டுவார்கள். அதில் இப்படி இருக்கும்: 'பகுதி 19: ஐலாவுக்குக் கால் சுளுக்குகிறது. கேப்டன் ரெட்வர்ஸ் கலத்தை மீட்கிறார்.' அழிந்த பகுதிகளைப் பற்றி உலகத்தில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்த நூல்தான். இணையத்தில் இருப்பதெல்லாம் அதைப் பார்த்து எழுதியது. அதை எழுதியவன் நான், சிறுவனாக ஒரே ஒரு முறை பார்த்த நினைவிலிருந்து. பின்வரிசையில் யாராவது "பாவம், வயசாயிடுச்சு" என்பார்கள். அது அவர் காதில் விழும். காது நன்றாகத்தான் கேட்கிறது அவருக்கு.

கண்தான் போய்க்கொண்டிருக்கிறது. போன ஆண்டு கூட்டம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நெவில் கண்ணு, அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்குந்தான் தாங்கும்னு டாக்டர் சொல்லிட்டான். அப்புறம் நடுவுல ஒண்ணும் தெரியாதாம், ஓரந்தான் தெரியுமாம். அந்தப் பகுதி எங்கயாச்சும் கெடைச்சா மொதல்ல எனக்கு ஒரு போன் போடு. அம்பது வருஷமா நீங்கள்லாம் சிரிச்சு சிரிச்சு, நான் பொய்தான் சொல்றேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஒரே ஒரு தடவ பாத்துடணும்."

"கண்டிப்பா" என்றேன். மனதாரச் சொன்னேன். அப்போது அது கிடைத்திருக்கவில்லை.

மே மாதம் கிடைத்தது. ஹல் நகரத்தில் ஒரு விதவை, கணவர் பரணில் வைத்திருந்த துருப்பிடித்த டப்பா ஒன்றைப் பற்றிப் போன் செய்தாள். போய் வாங்கிவந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கார் கொட்டகையில் ப்ரொஜெக்டரை வைத்தேன். மோரீன் படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டித் தந்தாள். அப்படியே ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அவள் படம் பார்த்திருக்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். படம் முடிந்தபோது பார்த்தேன், பட்டாணி பாதிகூட உரிபடவில்லை.

நான்காவது நிமிடத்தில் ஐலாவுக்குக் கால் சுளுக்குகிறது. அதுவரை என் நூல் சரிதான். கேப்டன் மேசைக்கு அடியில் மயங்கிக் கிடக்கிறார். அவள் ஒரு கணம் அவரைப் பார்க்கிறாள், குனிந்து அவர் இடுப்பிலிருந்து பெல்ட்டை உருவித் தன் கணுக்காலில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அவருடைய இருக்கையில் போய் உட்கார்கிறாள். பிறகு இருபத்தொரு நிமிடங்கள் அவள் மட்டும்தான். கத்தவில்லை, அழவில்லை. ஒரு முறை தனக்குத்தானே ஒரு கெட்ட வார்த்தை சொல்கிறாள். கலத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, கேப்டன் கண் விழிப்பதற்குள் பெல்ட்டைக் கழற்றி அவர்மேல் போடுகிறாள்.

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் சிக்கல்.

நிதானமாக யோசித்துப் பாருங்கள். அந்தக் காலம் அப்படி என்றால், பத்தொன்பதாம் வாரமும் அதே காலம்தானே? எழுதத் தெரிந்திருக்கிறது, நடிக்கத் தெரிந்திருக்கிறது, எடுக்கத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே மறுவாரம் அவளை மறுபடி தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். இதை முந்நூறு பேருக்குப் போட்டுக் காட்டினால் அடுத்த கணுக்காலுக்கு எப்படிக் கத்துவார்கள்? நிம்மதியாக ரசித்துக்கொண்டிருக்கும் மனிதர்கள். அவர்களுடைய சந்தோஷத்தை நான் நினைத்துப் பார்க்க வேண்டாமா?

அது ஏன் ஒரே வாரத்தோடு நின்றது என்றும் கேட்பார்கள். தாம்சின் கட்டாயம் கேட்பார். அதற்கான பதில் என் மேசையின் கீழ் இழுப்பறையில் ஐம்பது ஆண்டுகளாக இருக்கிறது. தயாரிப்பாளர் எனக்கு எழுதிய கடிதம். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. ஐலா கலத்தை ஓட்டியது கொஞ்சமும் நம்பும்படி இல்லை, என் அம்மாவுக்குக் காரைப் பின்னால் எடுக்கவே வராது என்று எழுதிப் போட்டிருந்தேன். அவர் பதில் போட்டார்: உங்களைப்போலப் பதினொரு பேர் எழுதியிருக்கிறீர்கள், நன்றி, அடுத்த வாரத்திலிருந்து ஐலா தன் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவாள். பதினொரு பேரில் என் கடிதம்தான் நன்றாக எழுதப்பட்டது என்றும் பாராட்டியிருந்தார். மோரீன், இந்தப் பத்தி முழுவதையும் எடுத்துவிடு.

செவ்வாய்க்கிழமை காலை டப்பாவை மோரீனிடம் கொடுத்து, செடி கொடிக் கழிவோடு சேர்த்து நகராட்சிக் குப்பைக் கிடங்கில் போட்டுவரச் சொன்னேன்.

"இதையா?" என்றாள்.

"ஆமா."

"நெஜமாவா சொல்ற, நெவில்?"

"துருப்பிடிச்ச டப்பா மோரீன், அத என்ன பண்றது?"

இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு போனாள். கிடங்கு பத்து நிமிடத் தொலைவு. அவள் திரும்பி வர ஐந்து மணி நேரமானது. வரிசை நீளமாக இருந்திருக்கும்.

ஜூன் முதல் வாரத்தில் ஜோசலின் போன் செய்தார். "ஏதாச்சும் கெடைச்சுதா, கண்ணு?" என்றார். இல்லை என்றேன். அன்பாகத்தான் சொன்னேன். இந்த வயதில் அதைப் பார்த்திருந்தால், தனக்கு என்னவெல்லாம் கிடைக்காமல் போனது என்று அவர் மனம் உடைந்திருக்கும். "சரிப்பா, நீ உண்மையத்தான் சொல்லுவ" என்றார். அதன் பிறகு அவர் கேட்கவே இல்லை. காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடுகிறது.

சொல்லப்போனால், இந்த அக்டோபர் கூட்டத்தில் இருந்த அளவு உற்சாகமாக அவரை நான் முன்பு பார்த்ததே இல்லை. நாம் கணுக்கால் என்று கத்தியபோது எல்லோரையும் மிஞ்சி அவர் சிரித்தார். மைக்கைக் கேட்கவே இல்லை. பக்கத்தில் மோரீன் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பெண்களைப்போலக் கையைக் கோத்துக்கொண்டு என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் சட்டென்று பழகிவிடுவார்கள்.

மோரீனுக்கு இந்த ஆண்டு வெளியில் ஒரு பொழுதுபோக்கு கிடைத்திருப்பதில் எனக்கும் சந்தோஷம்தான். வியாழக்கிழமைகளில் யாரோ ஒரு சிநேகிதியைப் பார்க்கக் கடற்கரைப் பக்கம் போய்வருகிறாள். வரும்போது புகைபோட்ட மீன் வாங்கிவருவாள், விட்பி மீன், அருமையாக இருக்கும். கொட்டகையிலிருந்த ப்ரொஜெக்டரைக்கூட யாருக்கோ இரவல் கொடுத்திருக்கிறாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. நாற்பது ஆண்டு மணவாழ்க்கை இப்படிக் கேட்காமல் இருப்பதால்தான் ஓடுகிறது.

இவ்வளவும் சொன்னபின் ஒளிக்க ஒன்றுமில்லை. சுருள் என்னிடம் வந்தது. அது நல்ல படம் என்று தெரிந்தேதான் அழிக்கச் சொன்னேன். ஜோசலின் சொன்னது அத்தனையும் உண்மை. என் நூலில் இருப்பது பொய். எழுதும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். பார்வை போவதற்குள் ஒரு முறை பார்க்க வேண்டும் என்று கேட்ட ஒரு மனுஷியிடம், கையில் இருந்ததை எறிந்துவிட்டு இல்லை என்று சொன்னேன். மறுபடி அதே நிலை வந்தாலும் அதையேதான் செய்வேன். தொடரின்மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

ஒன்றே ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. சனிக்கிழமை தாம்சின் என்னைக் கேட்டார்: "அவ அந்த பெல்ட்ட எடுத்து இறுக்கிக் கட்டுறாளே, அத நீங்க எப்படிங்க மறந்தீங்க?" பெல்ட் பற்றி நான் எங்கும் எழுதியதில்லை, யாரிடமும் சொன்னதில்லை. அந்தச் சுருளைப் பார்த்தவன் இன்று உயிரோடு இருப்பவர்களில் நான் ஒருவன்தான். கொட்டகையில் அன்று என்னைத் தவிர யாருமே இல்லை.

சரி, மோரீன், இது நமக்குள். முதல் பத்தியையும், தொடரின்மேல் எனக்குப் பிரியம் என்ற வரியையும் மட்டும் வைத்துக்கொண்டு, பாக்கியை எடுத்துவிட்டு மரியாதையாக ஒரு பக்கத்துக்குள் அடித்துவிடு. என்ன சிரிக்கிறாய்? அதற்குள் அடித்தாயிற்றா? கொண்டா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். இதென்ன, ஒரு பக்கத்துக்கு இவ்வளவு கனமாக இருக்கிறது? கண்ணாடி மாடியில் கிடக்கிறது, பரவாயில்லை, விரலை வைத்துக் காட்டு, எந்த இடத்தில் போட வேண்டும்?

நெவில் ஹோல்ராய்ட்